நாடகத்தின் பின்மேடை வேலைக்கு வர விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் புதுச்சேரியிலும் நாடகக் குழுக்களுக்கு மேடை மேலாளராகவும் ஒளியமைப்பு உதவியாளராகவும் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். நாடகம் முடிந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, பார்வையாளர்களில் ஒருவரோ இருவரோ படிக்கட்டருகே வந்து தயங்கி நின்று, இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்பார்கள். கேபிள் சுருட்டியபடியே அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே வைத்திருக்கிறேன்.

லைட்டும் மேக்கப்பும் தவிர மேடைக்குப் பின்னால் வேறு என்ன வேலை இருக்கிறது?

மேடை மேலாண்மை, அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, உடை, ஒப்பனை, மேடைப் பொருட்கள் என்று ஏழாகப் பிரித்துக்கொள்ளலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றில் வடிவமைப்பவர் வேறு, இயக்குபவர் வேறு. ஒரு காட்சியில் எந்த நிறத்தில், எந்தத் திசையிலிருந்து ஒளி விழவேண்டும் என்று தீர்மானிப்பவர் ஒளியமைப்பாளர். ஒவ்வொரு நிகழ்விலும் அந்த ஒளியை அதே வேகத்தில் ஏற்றி இறக்குபவர் இயக்குபவர். பெரிய குழுக்களில் இவர்கள் வெவ்வேறு ஆட்கள். தமிழ் நாடகத்தில் பெரும்பாலும் ஒருவரே இரண்டையும் செய்கிறார், சில நேரம் மேடைப் பொருட்களையும் அவரே சுமக்கிறார்.

மேடைப் பொருட்கள் என்றால் கதாபாத்திரம் கையில் எடுக்கும் எல்லாமும் அடங்கும். கடிதம், தம்ளர், கைத்தடி, மூக்குக்கண்ணாடி ஆகியவை சிறிய பொருட்களாகத் தோன்றினாலும், மூன்றாம் காட்சியில் கிழிக்கப்படவேண்டிய கடிதம் மேசையில் இல்லையென்றால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். புதிதாக வருபவரிடம் முதலில் ஒப்படைக்கப்படும் பொறுப்பும் பெரும்பாலும் இதுதான்.

மேடை மேலாளர் என்றால் டைரக்டருக்கு அசிஸ்டென்ட் தானே?

இல்லை. ஒத்திகை நடக்கும் வாரங்களில் அவர் இயக்குநருக்கு உதவுகிறார் என்பது உண்மை. ஆனால் முதல் நிகழ்வன்று, நாடகம் தொடங்குவதை அறிவிக்கும் மூன்றாவது மணி அடித்தபின் இயக்குநரின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அரங்கத்துக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் மேடை மேலாளரே பொறுப்பு. நடிகருக்கு மயக்கம் வந்தால் நாடகத்தை நிறுத்தலாமா, தொடரலாமா என்று முடிவெடுப்பவரும் அவர்தான்.

அவருடைய கருவி குறிப்பேடு. நாடகப் பிரதியை ஒரு பக்கம் ஒரு தாளாக ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறார், எங்கே அமர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்த மூச்சில் இசை தொடங்குகிறது என்றெல்லாம் பென்சிலில் எழுதி வைப்பார்கள். பென்சில் என்பது முக்கியம், ஏனெனில் ஒத்திகை முடியும்வரை எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். மேடையின் வலம், இடம் என்பவை எப்போதும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும்தான். இதைக் குழப்பிக்கொண்டவரின் குறிப்பேடு வேறு யாருக்கும் உதவாது. மேடை மேலாளர் திடீரென்று வரமுடியாமல் போனாலும், வேறொருவர் அதைப் படித்து நாடகத்தை நடத்த முடியவேண்டும்.

நிகழ்வின்போது விளக்கு, ஒலி இயக்குபவர்களுக்கு அவர் இரண்டே சொற்களைச் சொல்கிறார். மாற்றம் வருவதற்குச் சற்று முன் ‘ஸ்டாண்ட்பை’ என்பார், சரியான கணத்தில் ‘கோ’ என்பார். இயக்குபவரின் விரல் ‘கோ’ என்ற ஒலிக்கு மட்டுமே அசையவேண்டும். அதனால்தான் நாங்கள் பேசிக்கொள்ளும் காதுக்கருவியை (ஹெட்செட்) மாட்டியிருக்கும்போது அந்தச் சொல்லை வேறு எந்தப் பேச்சிலும் பயன்படுத்தக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தருகிறோம்.

நடிப்பு வராதவர்கள்தான் பின்னால் வேலை செய்வார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

நம்முடைய நாடக வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபாவையும், ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸையும் பார்த்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நினைவிலிருந்து முதலில் எழுபவை தந்திரக் காட்சிகள்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் மாறிய அரண்மனைகளையும் மேடையில் தோன்றி மறைந்த தேவர்களையும் உருவாக்கியவர்கள் தச்சர்கள், படுதா எழுதிய ஓவியர்கள், கயிறு இழுத்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

கொல்கத்தாவில் தாபஸ் சென் ஒளியமைப்பாளராகவே நாடு முழுவதும் அறியப்பட்டார். 1959 இல் உத்பல் தத் இயக்கிய, நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பற்றிய நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவதை அவர் விளக்குகளைக் கொண்டே காட்டினார். தமிழில் செ. ரவீந்திரன் டெல்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே நவீன நாடகங்களுக்கு ஒளியமைத்தார். பிரதியை ஆழமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே இந்த வேலை கைவருகிறது. வீட்டில் உள்ளவர்களை ஒரு நாள் தொழில்நுட்ப ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். என் தாயார் அதைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இதற்கென்று தனியாகக் கல்லூரி இருக்கிறதா?

தமிழ்நாட்டில் பின்மேடைக்கு மட்டுமென முழுநேரப் பட்டப்படிப்பைத் தேடி அலையவேண்டாம். நாடகத் துறைகளில் சேர்ந்து, அதற்குள் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதே வழக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அமைந்த நிகழ்கலைப் பள்ளி உண்டு. இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க காலத்தில் தலைமை வகித்தார். நாடகத்தில் முதுகலை படிக்க விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு அருகிலுள்ள நல்ல இடம் அது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை உண்டு. டெல்லியில் பயின்று வந்த சே. இராமானுஜம் அங்கே பேராசிரியராக இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரங்கக் கலையில் முதுகலை படிக்கலாம்.

எல்லை தாண்டினால், திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை முன்னின்று 1977 இல் தொடங்கியது அது. கர்நாடகத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் நீநாசம் என்னும் நாடக அமைப்பு 1980 முதல் நாடகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. அங்கே எல்லா மாணவர்களும் தச்சு வேலையையும் விளக்கையும் தொட்டே ஆகவேண்டும் என்பதால் அந்தப் பள்ளியின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பாடமொழி கன்னடம்.

டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959 இல் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டு முழுநேரப் பட்டயப் படிப்பு, மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. நடிப்பைத் தவிர, இயக்கமும் வடிவமைப்பும் சார்ந்த பிரிவிலும் அங்கே சிறப்புப் பயிற்சி பெறலாம். நாட்டில் ஒளி, அரங்க அமைப்பு, உடை ஆகியவற்றைப் பாடமாக, முறையாகக் கற்க இதைவிட முழுமையான இடம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்தி வராது. தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு, வயது வரம்பு, ஏற்கெனவே நாடகங்களில் பங்கேற்ற அனுபவம், இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓரளவு பழக்கம் ஆகியவற்றை எதிர்பார்க்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பலர் முதல் ஆண்டில் மொழியால் திணறி, பிறகு பழகிக்கொண்டார்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே முடிவெடுங்கள். நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழையும், உங்கள் பெயர் அச்சான துண்டறிக்கையையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்மேடையில் இருப்பவரின் அனுபவத்துக்குப் புகைப்படச் சான்று அரிதாகவே கிடைக்கிறது.

பிளஸ் டூ தான் முடித்திருக்கிறேன். மூன்று வருடம் வெளியூரில் போய்ப் படிக்க வசதியில்லை. எனக்கு வழி இல்லையா?

உண்டு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது சொல்லப்போனால் நேரான வழி. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐடிஐயில், எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. தச்சுப் பிரிவும் தையல் தொழில்நுட்பப் பிரிவும் ஓராண்டுப் படிப்புகள். இவற்றில் ஒன்றைப் பகலில் படித்துக்கொண்டு, மாலையில் ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக்குச் செல்லுங்கள். முறையாக மின்சாரம் படித்த ஒருவர் எங்கள் குழுக்களில் கிடைப்பது மிகவும் அரிது. முதுகலைப் பட்டத்தோடு வந்து ஃப்யூஸ் போடத் தெரியாமல் நிற்பவரைவிட, சான்றிதழுடன் வரும் எலக்ட்ரீஷியனைத்தான் நான் முதலில் அழைப்பேன்.

ஓவியத்தில் கை உள்ளவர்கள் சென்னை எழும்பூரிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளை யோசிக்கலாம். ஒலியில் ஆர்வமுள்ளவர்கள் தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவை யோசிக்கலாம். இவை நாடகத்துக்கென அமைந்த படிப்புகள் அல்ல. ஆனால் நாடகத்தைக் குழுவில் கற்றுக்கொள்ள முடியும், கைத்தொழிலைக் குழுவில் முழுமையாகக் கற்க முடியாது என்பதே என் அனுபவம்.

குழுவில் சேர யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்தவர் யாரும் இல்லை.

நாடகம் முடிந்தபின் கேளுங்கள், தொடங்குமுன் கேட்காதீர்கள். தொடங்குமுன் யாருக்கும் காது கேட்காது. நடிகர்களையும் இயக்குநரையும் பாராட்டுபவர்கள் சூழ்ந்திருப்பார்கள். நீங்கள் அவர்களைத் தாண்டிச் சென்று, மேடைத் தரையில் இடம் குறிக்க ஒட்டிய நாடாக்களைப் பிய்த்துக்கொண்டிருப்பவரைத் தேடுங்கள். ‘அண்ணா, நான் ஏதாவது பிடிக்கட்டுமா’ என்று கேட்டு, அரங்கத்தைக் காலி செய்யும்வரை உடன் இருங்கள். அடுத்த நாடகத்துக்கு ஆள் தேவைப்படும்போது அந்த முகம்தான் நினைவுக்கு வரும். என்னுடன் இப்போது வேலை செய்யும் மூவரில் இருவர் இப்படித்தான் வந்தார்கள்.

‘ஒளியமைப்பில் ஆர்வமுண்டு, ஒரு வாய்ப்புத் தாருங்கள்’ என்ற செய்தி எங்களுக்கு நிறைய வருகிறது. ‘உங்கள் நாடகத்தின் இரண்டாம் காட்சியில் பின்திரையில் நிழல் ஏன் இரண்டாக விழுந்தது’ என்று கேட்டு வரும் செய்தி அரிது. அதற்கு நான் அன்றே பதில் எழுதிவிடுவேன்.

ஆறு மாதமாக டீ வாங்கி வரவும் நாற்காலி போடவும்தான் சொல்கிறார்கள். இதுவும் பயிற்சியா, இல்லை ஏமாற்றுகிறார்களா?

நாற்காலி போடுவது பயிற்சியாக இருக்க முடியும். ஐந்து நாற்காலிகளை ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், இருட்டில், சத்தமின்றி, பத்து விநாடிக்குள் வைக்கப் பழகியவர் பின்மேடையின் அடிப்படையைக் கற்றுவிட்டார். ஆனால் தேநீர் வாங்குவது மட்டுமே ஆறு மாதம் நீடித்தால் அந்தக் குழு உங்களுக்கு எதையும் கற்றுத்தர எண்ணவில்லை என்று கொள்ளலாம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். முதல் நாடகத்தில் பொருட்களின் பட்டியல் உங்கள் கைக்கு வரவேண்டும். இரண்டாவதில் மேடையின் ஒரு பக்கம் முழுவதும் உங்கள் பொறுப்பாக வேண்டும். மூன்றாவதில் துண்டறிக்கையில் உங்கள் பெயர் ஒரு வேலைக்கு எதிரே அச்சாக வேண்டும். மூன்று நாடகங்களுக்குப் பிறகும் ‘நன்றி’ என்ற பொதுப் பட்டியலில் மட்டும் பெயர் வந்தால், பகைக்காமல் விலகி வேறு குழுவைத் தேடுங்கள்.

லைட்டிங் கற்க விருப்பம். கரண்ட் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

உயிருக்கு ஆபத்து நேராத அளவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். மேடையில் பயன்படும் பழைய பார் (PAR) வகை விளக்கு ஒன்று 1000 வாட். நம் மின்சாரம் 230 வோல்ட். ஆயிரத்தை 230 ஆல் வகுத்தால் சுமார் 4.3 ஆம்பியர் வரும். ஆகவே 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்று விளக்குகள் எரியும், நான்காவதைச் செருகினால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். முதல் காட்சியில் மூன்று விளக்குகளே எரிவதால் சிக்கல் தெரியாது. உச்சக்காட்சியில் எல்லாம் ஏறும்போதுதான் அரங்கம் இருளும். 24 விளக்குகள் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் இணைப்பைக் கேட்டு, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எட்டாகப் பிரிக்கவேண்டும். அப்போதும் ஒன்றுக்குச் சுமார் 35 ஆம்பியர் வரும். வெவ்வேறு ஃபேஸிலிருந்து வரும் இரண்டு கம்பிகளுக்கிடையே 230 அல்ல, ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கிறது என்பதையும், எர்த் இல்லாத இணைப்பில் ஒருபோதும் விளக்கைத் தொங்கவிடக்கூடாது என்பதையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மெயின் பெட்டியைத் திறந்து இணைப்புக் கொடுப்பது உங்கள் வேலையல்ல. அது அரங்கத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளருடைய வேலை. அதை நீங்களே செய்யவேண்டுமென்றால் தகுதி பெறுங்கள். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு, தொழிலில் அனுபவமுள்ளவர்கள் எழுதக்கூடியது.

இப்போது எல்இடி விளக்குகள் பெருகிவிட்டதால் மின்சுமை குறைந்திருக்கிறது, வேறொரு கணக்கு வந்திருக்கிறது. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் (DMX) கட்டுப்பாட்டில் ஒரு தடத்தில் 512 சேனல்கள், அதாவது தனித்தனிக் கட்டளை வழிகள். ஏழு சேனல் எடுத்துக்கொள்ளும் விளக்கு என்றால் முதல் விளக்குக்கு முகவரி 1, அடுத்ததற்கு 8, அதற்கடுத்ததற்கு 15. இதை மனக்கணக்காகச் சொல்லத் தெரிந்தால் அரங்கத்தில் அரை மணி நேரம் மிச்சமாகும். ஆனால் கற்கும்போது பழைய டங்ஸ்டன் விளக்கில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். மெதுவாக அணையும்போது அது சிவந்து, பழுத்து, பிறகு இருளும். அந்தக் கடைசிச் சிவப்பைக் கண் பழகிக்கொண்டால், எல்இடியில் அதை எப்படிச் செயற்கையாக உருவாக்குவது என்று யோசிக்கத் தெரியும்.

சவுண்டுக்கு என்ன தெரிய வேண்டும்?

எடிட்டிங் மென்பொருள் ஒன்றும், மிக்ஸரில் ஒரு சேனலின் பாதை எப்படிச் செல்கிறது என்பதும் தெரிந்தால் தொடங்கலாம். நிகழ்வில் ஒலிகளை வரிசைப்படி இயக்கப் பலர் பயன்படுத்தும் க்யூலேப் மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே இயங்கும் என்பதால், வாங்குவதற்கு முன் குழுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டீர்களா என்று நிகழ்வுக்கு முன் இருமுறை பாருங்கள்.

செட் போடுவதில் சபா நாடகத்துக்கும் நவீன நாடகத்துக்கும் என்ன வேறுபாடு? எதில் கற்பது நல்லது?

சபா நாடகத்தில் அரங்கம் பிற்பகலில்தான் கைக்கு வரும், மாலையே நாடகம். வரவேற்பறையோ, அலுவலகமோ, கோயில் வாசலோ, சட்டமடித்து எழுதிய தட்டிகளாக வண்டியில் வந்து இறங்கும். ஸ்டேஜ் காண்டிராக்டரின் ஆட்கள் அவற்றை நிறுத்தி, கயிறு கட்டி, முட்டுக்கொடுத்து மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பதை நான் வியந்து பார்த்திருக்கிறேன். வேகமும் முன்திட்டமும் அங்கே கற்கவேண்டியவை. எந்தத் தட்டி வண்டியில் கடைசியாக ஏறவேண்டும் என்பதிலிருந்தே அவர்கள் திட்டம் தொடங்குகிறது. கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும்.

நவீன நாடகத்தில் தட்டிகள் குறைவு. ஒரு மரப்பெட்டியே கட்டிலாகவும் படகாகவும் பாடையாகவும் மாறும். அங்கே பொருளின் எடை, அது தரையில் எழுப்பும் ஒலி, நடிகர் அதைத் தூக்கும் விதம் எல்லாம் நாடகத்தின் பகுதியாகிவிடுகின்றன. ந. முத்துசாமி 1977 இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியாக வந்த பலரிடம் இந்தப் பார்வையைக் காணலாம். ஓராண்டு சபாவிலும் ஓராண்டு நவீனக் குழுவிலும் இருங்கள் என்பதே என் பரிந்துரை. இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் இரண்டு இடத்திலும் கைத்திறனை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரங்கத்தை முன்கூட்டியே ஒரு முறை போய் அளந்து வாருங்கள். மேடையின் அகலம், ஆழம், திறப்பின் உயரம், பக்கவாட்டில் ஒதுங்கும் இடம், பொருட்கள் நுழையும் கதவின் அளவு ஆகியவை போதும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896 ஆம் ஆண்டின் கட்டடம். அத்தகைய இடத்தில் எதைக் கட்டலாம், எங்கே கட்டலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகே தச்சரிடம் அளவு கொடுக்கவேண்டும்.

தெருக்கூத்தில் பின்மேடை என்று ஒன்று உண்டா? அங்கே போய்க் கற்க முடியுமா?

உண்டு, அது மிகவும் செறிவானது. கூத்துக் கலைஞர்கள் தங்கள் ஒப்பனையைத் தாங்களே இட்டுக்கொள்கிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய அணிகள் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணத்தாளும் கண்ணாடித்துண்டுகளும் பதிக்கப்பட்டவை. இந்த அணிகளுக்குக் கட்டை என்று பெயர். காஞ்சிபுரம் பகுதியில் கட்டைக்கூத்து என்று வழங்கும் பெயரே அதிலிருந்து வந்தது. இரவு முழுவதும் ஆடும் ஒருவரின் தோளில் அந்தக் கட்டை நழுவாமல் இருக்க, கயிற்றை எங்கே இறுக்கி எங்கே தளர்த்துவது என்பது உடையமைப்பில் எந்தப் பாடத்துக்கும் குறைந்ததல்ல.

செய்யாறு அருகிலுள்ள புரிசை போன்ற ஊர்களில் பரம்பரையாகக் கூத்து நடத்தும் மன்றங்கள் இருக்கின்றன. பார்வையாளராக ஒரு இரவு முழுவதும் இருந்து, விடிந்தபின் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். ஒப்பனைக் கொட்டகைக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். வேடம் கட்டும் நேரம் அவர்களுக்கு வழிபாட்டு நேரமும்கூட.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? இரவு நேரம், ஏணி, வெளியூர்ப் பயணம் என்று பயமுறுத்துகிறார்கள்.

வரலாம், வந்திருக்கிறார்கள். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது ஆண்களுக்கும் உள்ள விதிதான். நாடகம் முடிந்து அரங்கத்தைக் காலி செய்ய இரவு பதினொன்று ஆகும் என்றால், வீடு திரும்பும் வண்டிச் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெளியூர் நிகழ்வென்றால் தங்குமிடம் எது, அறையில் உடன் யார் என்பதையும் கேளுங்கள். இவற்றைக் கேட்பதைக் குறையாக எண்ணும் குழுவோடு பயணம் போகவேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரையும் பயிற்சியில் இருப்பவரையும் பணியாளராகவே கருதுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் அதற்குள் புகார்க் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ‘நாடகக் குழு ஒரு குடும்பம்’ என்று சொல்லிப் புகாரைத் தடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு இணங்கவேண்டிய தேவையில்லை.

இதில் பிழைக்க முடியுமா? நேராகச் சொல்லுங்கள்.

தமிழ் நாடகத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். முதல் ஆண்டில் எனக்குக் கிடைத்தது பேருந்துச் செலவும் சாப்பாடும்தான். இந்தத் துறையில் நிலைத்தவர்கள் எல்லோரும் நாடகத்தோடு வேறு மேடைகளையும் சேர்த்துக்கொண்டவர்கள். மார்கழியில் சென்னையின் நடன நிகழ்ச்சிகளுக்கு ஒளியமைப்பவர்கள் ஏராளமாகத் தேவைப்படுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாக்கள் இருக்கின்றன. நிறுவன விழாக்களில் மேடை மேலாண்மை தெரிந்தவருக்கு நாடகத்தைவிடப் பல மடங்கு ஊதியம் கிடைக்கிறது. அந்த வருமானத்தால் நாடகத்தைத் தொடர்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக வேலை செய்வதென்றால் முழு நாடகத்துக்கும் இலவசம் என்று நீங்களே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். ஊதியம் என்றால் தொகை, தேதி, எத்தனை ஒத்திகை, எத்தனை நிகழ்வு ஆகியவற்றை ஒரு வாட்ஸாப் செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள். ‘வசூலைப் பார்த்துக்கொண்டு தருகிறேன்’ என்பது இலவசமும் அல்ல, ஊதியமும் அல்ல.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை வழங்குகிறது. 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள், ஒரு குருவிடம் உயர்நிலைப் பயிற்சி பெறுவதற்கானது அது. நாடகமும் அதில் ஒரு துறை. நேர்காணலில் உங்கள் வேலையைக் காட்டச் சொல்வார்கள் என்பதால், மேலே சொன்ன கோப்போடு ஒளி வரைபடங்களையும் குறிப்பேட்டின் சில பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

நிகழ்வின் நடுவில் தவறு செய்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே தூக்கம் வருவதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நாடகத்தின் மூன்றாவது நிகழ்வில் குறிப்பேட்டின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் புரட்டி, அடுத்த காட்சிக்கான ‘கோ’வைச் சொல்லிவிட்டேன். நள்ளிரவில் தாய் தன் மகனின் சட்டையை மடித்துக்கொண்டிருக்கும் காட்சியில் நண்பகல் வெளிச்சம் வந்துவிட்டது. பதற்றத்தில் உடனே பழைய ஒளிக்குத் தாவச் சொன்னேன். அதுதான் பெரிய தவறு. ஒருமுறை மின்னியிருந்தால் மறந்திருப்பார்கள், இரண்டு முறை மின்னியதால் அரங்கம் முழுவதும் மேலே விளக்கைப் பார்த்தது. மேடையிலிருந்த நடிகை மட்டும் தலை நிமிராமல் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அவரால்தான் காட்சி தப்பியது.

தவறான ஒளி வந்துவிட்டால் அதை அங்கேயே இருக்கவிட்டு, இருபது முப்பது விநாடிகளில் மெல்லச் சரியான நிலைக்கு நகர்த்தவேண்டும் என்பதை அன்று மூத்த ஒளியமைப்பாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பார்வையாளரின் கண் மெதுவான மாற்றத்தைப் பின்தொடர்வதில்லை. யாரால் நேர்ந்தது என்ற பேச்சை நிகழ்வு முடியும்வரை காதுக்கருவியில் எடுக்கவே கூடாது, ஏனெனில் அந்த ஐந்து விநாடிக்குள் அடுத்த ‘ஸ்டாண்ட்பை’ தவறிவிடும். நிகழ்வு முடிந்ததும் அன்றைய அறிக்கையில் உங்கள் பெயரிலேயே அதை எழுதுங்கள். நான் அன்றிலிருந்து தாள்களின் ஓரத்தில் காட்சிக்கொரு நிறத்தில் பட்டை ஒட்டுகிறேன்.

சினிமாவுக்குப் போக இது நல்ல வழியா?

கலை இயக்கம், ஒப்பனை, உடை ஆகியவற்றுக்கு ஓரளவு வழிதான். ஆனால் சினிமாவில் மீண்டும் ஒருமுறை எடுக்கலாம் என்ற வசதி இருப்பதால் அங்கே வேலையின் தாளம் வேறு. அங்கே போவதுதான் நோக்கமென்றால் நேராக அங்கேயே உதவியாளராகச் சேர்வது காலத்தை மிச்சப்படுத்தும்.

டைரக்டர் ஆபத்தான ஒன்றைச் செய்யச் சொன்னால் புதிதாக வந்த நான் எப்படி மறுப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி நிகழ்வின் பொறுப்பு மேடை மேலாளருடையது என்பதால், நீங்கள் இயக்குநரிடம் வாதாடவேண்டியதில்லை. மேடை மேலாளரிடம் சொல்லுங்கள். ‘முடியாது’ என்று மட்டும் சொல்லாமல், ‘இந்தக் கம்பி எவ்வளவு எடை தாங்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் பார்க்கும்வரை ஆள் ஏறவேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். தனியாக ஏணியில் ஏறுவது, விளக்கைப் பாதுகாப்புச் சங்கிலி இல்லாமல் நடிகரின் தலைக்குமேல் தொங்கவிடுவது, வெளியேறும் கதவைத் தட்டியால் மறைப்பது ஆகிய மூன்றையும் யார் கேட்டாலும் செய்யக்கூடாது. குழுவில் இடம் போனாலும் போகட்டும்.

அதிகமாக வரும் சிக்கல் தீதான். குத்துவிளக்கோ பந்தமோ உண்மையான சுடராகவே வேண்டும் என்று இயக்குநர்கள் விரும்புவார்கள். அந்த அழகு எனக்கும் தெரியும் என்பதால் நான் முழுவதுமாக மறுப்பதில்லை. அரங்க நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இருக்கவேண்டும். சுடருக்குப் பக்கத்தில் துணித்திரையோ தளர்ந்த உடையோ வரக்கூடாது. இரண்டு பக்கமும் தீயணைப்பானும் மணல் வாளியும் ஈரச் சாக்கும் இருக்கவேண்டும். முழு ஒத்திகையிலும் அதே சுடரோடு ஒருமுறையாவது நடந்திருக்கவேண்டும். இவற்றோடு, அந்தக் காட்சி முடியும்வரை வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்தச் சுடரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். அவருடைய பெயரை அன்றைய குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மூன்றாவது மணிக்கு முன் அவர் தன் இடத்தில் நிற்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காதுக்கருவியை மாட்டுவேன்.